பிரசவ அறையில் கனிவும் மரியாதையும்: பணியாளர்கள் சொல்வதைக் கேட்டுத் தொடங்கும் முழு வழிகாட்டி

பிரசவ அறையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் போய் “தாய்மாரை மரியாதையாக நடத்துகிறீர்களா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் மனதார நம்புகிறார். கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, “போன நைட் டியூட்டியில் இரண்டு கட்டிலிலும் ஒரே நேரத்தில் முக்கு வலி வந்ததே, அப்போது என்ன நடந்தது?” என்று கேளுங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பும். திரை கிழிந்து கிடந்தது வரும், கத்தியது வரும், தொடையில் ஒரு தட்டு தட்டியது வரும், விடிகிற வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காததும் வரும்.

இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது. பிரசவ அறைக்குப் பொறுப்பான செவிலியர், மகப்பேறு மருத்துவர், தரக் குழுவில் இருப்பவர், செவிலியர் கல்லூரியில் பாடம் எடுப்பவர் என யார் வேண்டுமானாலும் தங்கள் இடத்துக்கு ஏற்றபடி இதை எடுத்துக்கொள்ளலாம். உரிமைப் பட்டியலைச் சட்டம் போட்டு மாட்டுவதும், ஒரு நாள் பயிற்சி நடத்திச் சான்றிதழ் கொடுப்பதும் சுலபம். மாட்டிய சட்டத்துக்குக் கீழேயே அதட்டல் தொடரும். வேலை செய்பவர்கள் எதை மரியாதை என்று நினைக்கிறார்கள், எது தங்கள் கையைக் கட்டிப்போடுகிறது என்கிறார்கள் என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது நிலைக்காது என்பது என் எண்ணம். அதனால் கேட்பதற்கும், கேட்டதைப் பிரிப்பதற்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: தவறைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

“மரியாதைக் குறைவு” என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாருக்கும் உறைக்காது. 2010-இல் டயானா பௌசர், கேத்லீன் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை 7 வகையாகப் பிரித்தார்கள்: அடிப்பது போன்ற உடல்ரீதியான துன்புறுத்தல், சம்மதம் வாங்காமல் செய்வது, அந்தரங்கத்தைக் காக்காதது, கண்ணியமில்லாமல் பேசுவது, பாகுபாடு, கவனிக்காமல் விட்டுவிடுவது, பணம் கட்டவில்லை என்று வீட்டுக்கு விடாமல் பிடித்துவைப்பது. 2014-இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றைத் தடுத்து ஒழிக்க வேண்டும் என்று தனி அறிக்கையே வெளியிட்டது.

அடுத்த ஆண்டு ஆய்வாளர் மேகன் போரன் குழுவினர் 34 நாடுகளில் நடந்த 65 ஆய்வுகளைத் தொகுத்தபோது வகைப்பாடு கொஞ்சம் மாறியது. புதிய பட்டியலில் ‘மருத்துவ அமைப்பின் நிலைமையும் நெருக்கடிகளும்’ ஒரு தனி வகையாக வந்தது. ஆள் பற்றாக்குறை, பொருள் பற்றாக்குறை, மறைப்பில்லாத அறை ஆகியவையும் அவமதிப்பின் கணக்கில் சேர்ந்தன. “எங்களை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்” என்று பணியாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தது ஒருவழியாக ஆய்வுத் தாளில் ஏறியது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒரு தாளில் முதலில் சொன்ன 7 தலைப்பையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் அறையில் நடப்பதை எழுதுங்கள். ‘கண்ணியக் குறைவு’ என்று எழுதாமல், ‘பெயர் சொல்லாமல் மூணாம் பெட் ப்ரைமி (முதல் பிரசவக்காரர்) என்று கூப்பிடுகிறோம்’ என்று எழுதுங்கள். ‘அந்தரங்கமின்மை’ என்று எழுதாமல், ‘ரவுண்ட்ஸ் வரும்போது பரிசோதனைக்கு முன்னாலேயே துணியை விலக்கி வைத்துவிடுகிறோம்’ என்று எழுதுங்கள். ஏதாவது ஒரு தலைப்பு காலியாக இருந்தால் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அறையைச் சுத்தம் செய்யும் பணியாளரிடம் கேளுங்கள், நிரம்பிவிடும்.

படி 2: கேளுங்கள், ஆனால் அதிகாரியாகப் போய்க் கேட்காதீர்கள்

லீவு சாங்ஷன் செய்பவரிடமும் டியூட்டி போடுபவரிடமும் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். அதனால் கேட்பவர் அந்த அதிகார வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும். வேறு துறைச் செவிலியர், சமூகப் பணியாளர், கல்லூரி ஆசிரியர் என்று யாராவது ஒருவர் போதும். இடம் டியூட்டி ரூமாக இருக்கக் கூடாது, அங்கே கதவு மூடியே இருக்காது. நைட் டியூட்டி முடிந்து கண் எரிகிற நேரத்தில் பிடித்து உட்கார வைக்காதீர்கள். முக்கால் மணி நேரம் ஒதுக்கி, அந்த நேரத்துக்கு அவர் வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள். இந்த ஏற்பாடே ஒரு மரியாதை, அது அவருக்கும் புரியும்.

குழுவாகப் பேச வைப்பதானால் மருத்துவர்கள் தனி, செவிலியர்கள் தனி, உதவியாளர்கள் தனி. கலந்து உட்கார வைத்தால் அந்த அறையில் சீனியர் யாரோ அவர் மட்டும்தான் பேசுவார். உதவியாளர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் விட்டுவிடவே கூடாது. வலியில் இருக்கும் பெண்ணோடு அதிக நேரம் இருப்பது பல இடங்களில் அவர்கள்தான். கையைப் பிடித்துக்கொள்வதும் அவர்கள்தான், சில சமயம் மிக மோசமாகத் திட்டுவதும் அவர்கள்தான்.

தொடங்கும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். பெயர் எங்கேயும் வராது. பதிவு செய்வதென்றால் சம்மதம் கேட்டுத்தான். ஒரு தாய்க்கோ குழந்தைக்கோ பெரிய தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் அதை யாரிடம் கொண்டுபோவீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் துரோகமாகத் தெரியும். இதை ஆய்வாக எழுதி வெளியிடப் போகிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள்.

சரி, என்ன கேட்பது? ‘மதிக்கிறீர்களா’, ‘சம்மதம் வாங்குகிறீர்களா’ போன்ற ஆம் இல்லை கேள்விகளைத் தூக்கிப் போடுங்கள். நடந்ததைக் கேளுங்கள்.

“கடைசியாகப் பார்த்த பிரசவங்களில் எது உங்களுக்குத் திருப்தியாக இருந்தது?” என்று ஆரம்பியுங்கள். நல்லதிலிருந்து தொடங்கினால்தான் கெட்டதைப் பேசுவதற்குத் தெம்பு வரும். அப்புறம், “குரலை உயர்த்த வேண்டி வந்தது எப்போது? அதற்கு முந்தின ஐந்து நிமிடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?” என்று கேளுங்கள். இந்த ‘முந்தின ஐந்து நிமிடம்’ முக்கியம். காரணங்கள் அங்கேதான் இருக்கும்.

எனக்குப் பிடித்த கேள்வி இன்னொன்று: “உங்கள் தங்கை இங்கே பிரசவத்துக்கு வந்தால் எந்த ஷிஃப்டில் வர வேண்டும் என்று நினைப்பீர்கள்? யார் டியூட்டியில் இருக்கக் கூடாது என்று நினைப்பீர்கள்? பெயர் வேண்டாம், காரணம் மட்டும் சொல்லுங்கள்.” தரத்தைப் பற்றி நூறு பக்கம் எழுதியதில் கிடைக்காதது இந்தப் பதிலில் கிடைக்கும்.

அடிப்பது போன்ற நேரடியாக ஒப்புக்கொள்ளக் கஷ்டமான விஷயங்களுக்கு ஒரு சூழ்நிலையைச் சொல்லி, “மற்றவர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்?” என்று கேட்பதுதான் வழி. குழந்தையின் தலை தெரிகிறது, இதயத் துடிப்பு குறைகிறது, அந்தப் பெண் பயத்தில் தொடையைச் சேர்த்துக்கொள்கிறார். இப்போது என்ன செய்வார்கள்? ‘மற்றவர்கள்’ என்று சொல்லிவிட்டுப் பெரும்பாலும் தன்னைப் பற்றித்தான் பேசுவார்.

முடிக்கும் முன் ஒரு கேள்வி கட்டாயம்: “இங்கே உங்களை யார் மரியாதையாக நடத்துகிறார்கள்?” கொஞ்ச நேரம் பதில் வராது. காத்திருங்கள். 2016-இல் உலக சுகாதார நிறுவனமும், சர்வதேச மகப்பேறு செவிலியர் கூட்டமைப்பும், தாய்மார் நலனுக்காக இயங்கும் ஒயிட் ரிப்பன் அலையன்ஸும் சேர்ந்து 93 நாடுகளில் 2,470 மகப்பேறு செவிலியர்களின் குரலைத் தொகுத்தன. அதில் 37 சதவீதம் பேர் வேலையிடத்தில் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். மேலே இருப்பவர் தன்னிடம் பேசும் தொனியில்தான் பலர் தனக்குக் கீழே இருப்பவரிடம் பேசுகிறார்கள், அந்த வரிசையின் கடைசியில் படுத்திருப்பவர் தாய்.

படி 3: வந்த பதில்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, அவசரப்பட வேண்டாம்.

பணியாளர்களின் பேச்சு முழுக்க மூன்று ‘இல்லை’களைச் சுற்றியே வரும்: ஆள் இல்லை, இடம் இல்லை, நேரம் இல்லை. நிர்வாகம் இதைக் கேட்டதும் “எப்போதும் இதே பாட்டுத்தான்” என்று ஒதுக்கிவிடும். பெண்களின் உரிமைக்காகப் பேசுபவர்களில் சிலரும் இதைச் சாக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டு பேரும் செய்வது தவறு. அதில் உண்மைப் பற்றாக்குறையும் இருக்கிறது, பற்றாக்குறையின் பெயரில் ஒளிந்திருக்கும் பழக்கமும் இருக்கிறது, பழக்கத்தின் அடியில் நம்பிக்கையும் இருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: கூட்டமில்லாத நாளைப் பாருங்கள். அறையில் ஒரே ஒரு தாய், டியூட்டியில் இரண்டு செவிலியர். அன்றைக்குத் திரை இழுக்கப்படுகிறதா? பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? பரிசோதனைக்கு முன் கேட்கிறார்களா? இல்லையென்றால் ஆள் பற்றாக்குறை அதற்குக் காரணம் இல்லை. அன்றைக்கு நன்றாக நடந்து, கூட்டமான நாளில் மட்டும் கெட்டுப்போகிறதென்றால் அது முதல் குவியல்.

முதல் குவியல், உண்மைப் பற்றாக்குறை. ஒரு செவிலியர், இரண்டு கட்டிலிலும் முக்கு வலி. ஒருவர் தனியாகத்தான் கிடப்பார். இதற்குக் கனிவுப் பயிற்சி கொடுப்பது அந்தச் செவிலியரைக் கேலி செய்வது போல. இங்கே வேண்டியது கணக்கு. எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், எத்தனை பிரசவம், எத்தனை கைகள் என்று தனி நோட்டில் பதிந்துகொண்டே வாருங்கள். “ஆள் போதவில்லை” என்று போன கடிதம் கோப்பில் தூங்கும். “இந்த மாதத்தில் இத்தனை பிரசவங்களில் பக்கத்தில் யாரும் இல்லை” என்று தேதியோடு போகும் பட்டியலை அவ்வளவு சுலபமாகத் தூங்க வைக்க முடியாது.

இரண்டாவது, பழக்கம். “இடமில்லை, அதனால் துணைக்கு ஆள் விடுவதில்லை” என்பார்கள். அதே கட்டிலைச் சுற்றி ஆறு மாணவர்கள் நிற்க இடம் இருக்கும். ரோமம் மழிப்பது, எனிமா கொடுப்பது, வலி தொடங்கியதிலிருந்து வாயில் ஒன்றும் படக்கூடாது என்பது, மல்லாந்து படுத்தே ஆக வேண்டும் என்பது, முதல் பிரசவம் என்றாலே எபிசியாட்டமி (பிறப்புவாயைக் கத்தரித்து அகலப்படுத்துவது) போடுவது, குழந்தை வெளியே வருவதற்காக வயிற்றை மேலிருந்து அமுக்குவது என எல்லாம் இந்தக் குவியல்தான். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பிரசவகாலப் பராமரிப்புக்கு 56 பரிந்துரைகள் வெளியிட்டது. வழக்கமாக மழிப்பதையும் எனிமாவையும் எபிசியாட்டமியையும், வயிற்றை அமுக்குவதையும் அது பரிந்துரைக்கவில்லை. ஆபத்து அறிகுறி இல்லாதவர் தண்ணீரும் உணவும் எடுத்துக்கொள்ளலாம், நடக்கலாம், நிமிர்ந்த நிலையில் இருக்கலாம் என்கிறது. கவனித்தீர்களா, இவற்றை நிறுத்துவதற்குப் பணம் வேண்டாம், ஆள் வேண்டாம். பணியாளருக்கு வேலை மிச்சமாகிறது. எனவே மாற்றத்தை இங்கிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாவது, நம்பிக்கை. “ஒரு அதட்டல் போட்டால்தான் முக்குவார்கள்.” “செல்லம் கொடுத்தால் ஒத்துழைக்க மாட்டார்கள்.” “குழந்தையைக் காப்பாற்றத்தான் அடித்தேன்.” பல நாடுகளில் பணியாளர்களிடம் எடுத்த நேர்காணல்களில் திரும்பத் திரும்ப வருவது இந்தக் கடைசி வாக்கியம். கொடுமைக்காரர்கள் சொல்வதாக இதை எடுத்துக்கொண்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

படி 4: நம்பிக்கையோடு வாதம் செய்யாமல் பேசுங்கள்

அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் தொடையில் தட்டினார், அந்தப் பெண் அலறி முக்கினார், குழந்தை பிறந்து அழுதது. எப்படியும் பிறந்திருக்கக் கூடிய குழந்தைதான். ஆனால் பெயர் அடிக்குப் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு முறையும் அதுவே நடந்தது, அதுவே பாடமானது.

இதை உடைக்க உடற்கூறு உதவும், உபதேசம் உதவாது. பயம் வந்தால் அட்ரினலின் ஏறும். ஏறினால் கர்ப்பப்பையின் சுருக்கங்கள் தடுமாறும், வலி தாங்கும் திறன் குறையும், உடம்பு இறுகும். தொடையைச் சேர்ப்பது ஒத்துழையாமை இல்லை, பயத்தில் உடம்பு தானாகச் செய்வது. அடித்தால் அந்தப் பயம் கூடும். இதைச் செவிலியர்கள் படித்துத்தான் வந்திருக்கிறார்கள், தினமும் செய்கிற வேலையோடு யாரும் இதைப் பொருத்திக் காட்டியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், அதட்டலில் பாதி தப்பான கடிகாரத்திலிருந்து வருகிறது. கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்ததும் பிரசவத்தின் தீவிரக் கட்டம், அப்புறம் மணிக்கு 1 சென்டிமீட்டர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் எல்லோருக்கும் பதற்றம், பதற்றம் தாயின் மேல் கோபமாக இறங்கும். 2018 பரிந்துரைகள் தீவிரக் கட்டத்தின் தொடக்கத்தை 5 சென்டிமீட்டர் என்று வைத்தன. மணிக்கு 1 சென்டிமீட்டர் என்பது பல பெண்களுக்குப் பொருந்தாத வேகம், அதை மட்டும் வைத்து எதுவும் செய்யாதீர்கள் என்றும் சொல்லின. முழுதாகத் திறந்த பிறகு பிறக்கும் வரை முதல் பிரசவத்தில் பெரும்பாலும் 3 மணி நேரத்துக்குள்ளும், அடுத்தடுத்த பிரசவங்களில் 2 மணி நேரத்துக்குள்ளும் முடியும் என்பது அதில் உள்ள கணக்கு. தாயும் சேயும் நன்றாக இருந்தால் இவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று தெரிந்த செவிலியரின் குரல் தானாக இறங்கும். தானாக முக்கத் தோன்றும்போது முக்கச் சொல்லுங்கள் என்பதும் அந்தப் பரிந்துரைகளில் உண்டு.

பாடம் நடத்துவதைவிட, பணியாளர்கள் தங்கள் மதிப்பீடுகளைத் தாங்களே எடுத்துப் பார்க்கும் பட்டறைகள் நன்றாக வேலை செய்கின்றன. கென்யாவில் ஹெஷிமா என்ற திட்டம் 13 மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட பட்டறைகளோடு, பணியாளர்களுக்கான மனநல ஆதரவு, கர்ப்பிணிகள் வந்து பிரசவ அறையைப் பார்க்கும் திறந்த நாள்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தது. அவமதிப்பை அனுபவித்ததாகச் சொன்ன பெண்களின் அளவு 20 சதவீதத்திலிருந்து 13-ஆகக் குறைந்தது. மந்திரம் போட்ட மாதிரி ஒழிந்துவிடவில்லை, குறைந்தது. இந்த அளவு எதிர்பார்ப்போடு இறங்குவதுதான் நல்லது. எத்தியோப்பியா 2015-இல் கனிவும் மரியாதையும் கொண்ட பணியாளர்களை உருவாக்குவதைத் தன் தேசிய சுகாதாரத் திட்டத்தின் நான்கு பெரிய இலக்குகளில் ஒன்றாகவே வைத்தது.

படி 5: துணைக்கு ஒருவரை உள்ளே விடுங்கள்

அறையில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 17 நாடுகளைச் சேர்ந்த 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2017-இல் அலசியது. பிரசவம் முழுக்கத் துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரம் கொஞ்சம் சுருங்கியது, பிரசவத்தைப் பற்றிய கசப்பும் குறைந்தது.

பணியாளர்கள் எதிர்ப்பார்கள். அந்த எதிர்ப்பில் பாதி நியாயமானது. தொற்று வரும், கூட்டம் கூடும், பக்கத்துக் கட்டில் பெண்ணின் அந்தரங்கம் போகும், செல்போனில் வீடியோ எடுப்பார்கள், நாங்கள் செய்வதில் குறுக்கே நிற்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ஒருவர் மட்டும், மாறி மாறி வரக்கூடாது. கை கழுவி, சுத்தமான மேலங்கி போட்டு வர வேண்டும். நிற்கும் இடம் தலைமாட்டுப் பக்கம். போன் வெளியே. கட்டில்களுக்கு நடுவே திரை. உள்ளே வரும்போதே இரண்டு நிமிடம் ஒதுக்கி, “நீங்க இங்க நின்னு இவங்க முதுகைத் தடவிவிடலாம், தண்ணி கொடுக்கலாம், நடக்கும்போது பிடிச்சுக்கலாம். நாங்க வெளியே போகச் சொன்னா உடனே போயிடணும், காரணம் அப்புறம் சொல்றோம்” என்று சொல்லிவிடுங்கள். இந்த இரண்டு நிமிடத்தைத் தவிர்த்த இடங்களில்தான் சண்டை வருகிறது.

யார் துணை என்பதை அந்தப் பெண் சொல்ல வேண்டும். வாசலில் முதலில் நிற்கும் உறவினர் சொல்லக் கூடாது. இதை அவரிடம் தனியாக, மற்றவர்கள் காதில் விழாமல் கேளுங்கள்.

படி 6: உள் பரிசோதனையை மாதிரியாக எடுத்துக்கொண்டு பழகுங்கள்

மரியாதை, சம்மதம், அந்தரங்கம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்கிற வேலை உள் பரிசோதனை. இதைச் சரியாகச் செய்யப் பழகிவிட்டால் மற்றவை பின்னால் வரும். ஒருவர் தாயாகப் படுத்து, இன்னொருவர் செவிலியராக நின்று, வசனத்தோடு நடித்துப் பழக வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும்.

முதலில் தேவையா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான நிலையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்பது பரிந்துரை. மருத்துவர், செவிலியர், மாணவர் என்று மூன்று பேர் அடுத்தடுத்துச் செய்வது சிகிச்சை இல்லை.

பிறகு திரையை இழுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு உங்கள் பெயரையும் சொல்லுங்கள். “வழி எவ்வளவு திறந்திருக்குன்னு உள்ளே கை வச்சுப் பார்க்கணும். ஒரு நிமிஷம் ஆகும். கொஞ்சம் அசௌகரியமா இருக்கும். இப்ப பார்க்கலாமா?” என்று கேளுங்கள். வலி அலை வந்துகொண்டிருந்தால் அது இறங்கும் வரை நில்லுங்கள், பதிலுக்கும் நில்லுங்கள். கேட்டுக்கொண்டே கையுறை போட்டுத் துணியை விலக்குவது சம்மதம் வாங்குவது ஆகாது. “வலிச்சா ‘போதும்’னு சொல்லுங்க, கையை எடுத்துடுறேன்” என்று சொல்லுங்கள், சொன்னால் எடுத்தும் விடுங்கள். தேவையான இடம் மட்டும் திறந்திருக்கட்டும், முழங்காலுக்கு மேல் போர்வை இருக்கட்டும். முடிந்ததும் முதலில் மூடிவிடுங்கள். முடிவை முதலில் அவரிடம் சொல்லுங்கள், அப்புறம் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். தலைக்கு மேலே நின்று “சிக்ஸ் சென்டிமீட்டர், மெம்பரேன் இன்டாக்ட்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! “பாதிக்கு மேல திறந்தாச்சு, பனிக்குடம் உடையல, குழந்தை நல்லா இருக்கு” என்பதற்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

“வேண்டாம்” என்றால்? ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். பயமா, இப்போது வலியா, ஆண் மருத்துவர் நிற்பதா? பெரும்பாலும் காரணத்தைச் சரிசெய்தால் சம்மதம் வரும். அப்படியும் மறுத்தால் பதிவுசெய்துவிட்டு, குழந்தையின் துடிப்பையும் வலியின் அளவையும் கவனித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். மிரட்டி வாங்கும் தலையாட்டலுக்குச் சம்மதம் என்று பெயரில்லை.

படி 7: குழந்தை பிறப்பதை ஒட்டிய முக்கால் மணி நேரத்துக்குத் தனியாகத் திட்டமிடுங்கள்

கானா, கினி, மியான்மர், நைஜீரியா நாடுகளில் 2,016 பெண்களின் பிரசவத்தைப் பக்கத்திலிருந்து கவனித்த ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் 838 பேர், அதாவது 41.6 சதவீதம் பேர், அடியோ வசையோ பாகுபாடோ அனுபவித்தார்கள். எப்போது அதிகம் நடந்தது தெரியுமா? குழந்தை பிறப்பதற்கு 30 நிமிடம் முன்பிலிருந்து பிறந்து 15 நிமிடம் வரை. பணியாளருக்குப் பதற்றம் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான்.

ஆகவே அந்த நேரத்தில் பேசுவதற்கென்று ஒருவரை நியமியுங்கள். மற்றவர்கள் கையால் வேலை செய்யட்டும், அந்த ஒருவர் மட்டும் தாயின் முகத்தருகே நின்று பேசட்டும். நாலு பேர் நாலு பக்கமும் “முக்கு, முக்கு” என்று கத்தினால் யார் சொல்வதைக் கேட்பது? துணைக்கு வந்தவரையும் அந்தக் குரலோடு சேர்த்துக்கொள்ளலாம். அடிக்கும் கை பெரும்பாலும் தொடை மேல்தான் போகும் என்பதால், தொடைப் பக்கம் நிற்பவர் கையில் ஒரு வேலை கொடுத்துவிடுவது நல்லது. சிரிப்பாகத் தோன்றலாம், பலன் தரும்.

பிறந்த பிறகான 15 நிமிடமும் சாதாரணமில்லை. தையல் போடும்போது மரப்பு ஊசி போடாமல் “இவ்வளவு தாங்கினீங்க, இது என்ன” என்று தைப்பது இந்த நேரத்தில்தான். மரப்பு ஊசி இருப்பில் இருக்கிறதா என்பதை ஷிஃப்ட் மாறும்போதே பார்த்துவிடுங்கள். குழந்தை நன்றாக இருந்தால் தாயின் மார்பிலேயே கிடக்கட்டும், முதல் ஒரு மணி நேரத்துக்கு அதுதான் அதன் இடம். தொப்புள்கொடியை ஒரு நிமிடத்துக்கு முன் கட்டத் தேவையில்லை. பெண் குழந்தை என்றதும் முகம் மாறுவது, எடையைச் சொல்லி உச்சுக்கொட்டுவது எல்லாம் வசைக் கணக்கில்தான் சேரும்.

படி 8: அவசரம் வந்தால்

“எமர்ஜென்சியில் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?” என்பது மருத்துவர்கள் எழுப்பும் முதல் கேள்வி. ஒரு வாக்கியம் சொல்ல முடியும். “ரத்தம் அதிகமா போகுது, நிறுத்தறதுக்கு ஊசி போடுறோம், வயித்தை அமுக்குவோம், வலிக்கும்.” இதைச் சொல்லிக்கொண்டே கை வேலை செய்யலாம், உயிர் காக்கும் வேலை ஒரு நொடிகூடத் தாமதமாகாது. நிலைமை அடங்கிய பிறகு அதே நாளில் வந்து உட்கார்ந்து, என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தோம் என்று சொல்வதைக் கட்டாய வேலையாக வையுங்கள். அவசரத்தை விடவும், விளக்கமில்லாமல் விடப்பட்ட அவசரம்தான் தாய்மாரின் மனதில் தங்குகிறது.

படி 9: யாருக்கு மோசமாக நடக்கிறது என்று பாருங்கள்

அதே நான்கு நாட்டு ஆய்வில் இளவயதுப் பெண்களும் அதிகம் படிக்காதவர்களும்தான் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். பதின்வயதில் வருபவர், கல்யாணமாகாதவர், எச்.ஐ.வி. உள்ளவர், மாற்றுத்திறனாளி, வேறு மொழி பேசுபவர் என ஒவ்வொருவரிடமும் உங்கள் அறையின் பேச்சு எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். குழந்தை இறந்து பிறந்த தாயைப் பற்றி ஒன்றே ஒன்று: அவரைக் குழந்தையோடு இருக்கும் தாய்மார் நடுவே படுக்க வைக்காதீர்கள். பார்க்க வேண்டுமா, தூக்க வேண்டுமா என்று கேளுங்கள், ஒருமுறை மறுத்தால் சிறிது நேரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

படி 10: பணியாளர்களுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள்

இரண்டாம் படியில் கேட்ட கடைசிக் கேள்விக்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யவில்லை என்றால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எனவே முதல் மாதத்துக்குள் சின்னதாக, கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றை முடியுங்கள்: பூட்டு உள்ள கழிப்பறை, உட்கார நாற்காலி, சாப்பிடுவதற்கு மாற்று ஆள், கிழிந்த திரைக்குப் புதுத் திரை. ஒரு தாயோ குழந்தையோ இறந்த நாளில், விளக்கக் கடிதம் கேட்பதற்கு முன், அந்த ஷிஃப்டில் இருந்தவர்களை உட்கார வைத்து என்ன நடந்தது என்று பேச ஒருவர் வேண்டும். தாயின் முன்னால் செவிலியரைத் திட்டும் மருத்துவரும், மாணவரை அவமானப்படுத்தும் ஆசிரியரும் இதே வழிகாட்டிக்குள் வருகிறார்கள். அவர்களுக்கு விலக்குக் கொடுத்தால் மற்றவர்கள் இதை நாடகம் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

வேண்டுமென்றே திரும்பத் திரும்ப அடிப்பவரும் இருப்பார். எல்லாவற்றையும் அமைப்பின் தலையில் கட்டி அவரைத் தப்பவிடக் கூடாது. முதலில் பேச்சு, பிறகு எழுத்து, அதற்கும் மாறாவிட்டால் பிரசவ அறையிலிருந்து மாற்றம். நடவடிக்கை என்ன வரிசையில் வரும் என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்.

படி 11: மாறியதா என்று பாருங்கள்

தாயிடம் வார்டிலேயே, செவிலியர் நிற்கும்போதே கேட்டால் “எல்லாரும் நல்லாப் பார்த்துக்கிட்டாங்க” என்பார். குழந்தை நலமாகப் பிறந்த நன்றியில் அடியையும் மன்னித்திருப்பார். வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் ஆன பிறகு, மருத்துவமனையைச் சேராத ஒருவர் கேட்க வேண்டும். இங்கேயும் நடந்ததையே கேளுங்கள்: பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா, திரை போட்டார்களா, பரிசோதனைக்கு முன் கேட்டார்களா, துணைக்கு விரும்பியவர் இருந்தாரா, யாராவது அடித்தார்களா, கத்தினார்களா, எவ்வளவு நேரம் தனியாகக் கிடந்தீர்கள்.

2020-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பிரசவப் பராமரிப்புப் படிவத்தில் துணை, வலி நிவாரணம், வாய்வழி நீர், தாய் எந்த நிலையில் (படுத்தோ நிமிர்ந்தோ) இருக்கிறார் என்பது ஆகிய நான்கையும் பதியத் தனி வரிசைகள் இருக்கின்றன. அதை நீங்கள் பயன்படுத்தினால் அளவீட்டுக்கென்று புதிய படிவம் வேண்டாம், அந்த வரிசைகள் காலியாக விடப்படுகின்றனவா என்று பார்த்தாலே போதும்.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் படியின் நேர்காணல்களை மறுபடி நடத்துங்கள். இந்த முறை புதிதாகச் சேர்ந்தவர்களையும் சுழற்சியில் வரும் பயிற்சி மருத்துவர்களையும் விடாமல் சேருங்கள். பழைய ஆள்கள் மாறியிருப்பார்கள், புதியவர்கள் தாங்கள் முன்பு இருந்த இடத்தின் பழக்கத்தோடு வந்திருப்பார்கள். ஆறாம் படியில் சொன்ன நடிப்புப் பயிற்சியை அவர்களுடைய முதல் வார டியூட்டிப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.